குலசை லைனில் கேட்ட கை

நான் தந்தி இலாகாவிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. போன மாதம் ஆபீஸிலிருந்து தந்தி தட்டுகிற சிக்னலர்கள் இரண்டு பேர் பாளையங்கோட்டையில் என் வீட்டைத் தேடி வந்தார்கள். கூட வேலை பார்க்கிற ஒருவரைப் பற்றி மேலிடத்துக்குப் புகார் எழுதலாமா, வேண்டாமா என்று கேட்க வந்தவர்கள்.

"முன்ன மாதிரி இல்ல சார். எல்லார்கிட்டயும் எரிஞ்சு விழுதாரு. சாப்பாட்டு நேரத்துல தனியாப் போய் உக்காந்துக்கிடுதாரு. லீவே எடுக்க மாட்டேங்காரு. திமிருன்னு சில பேர் சொல்லுதாங்க" என்றார் ஒருவர்.

புகார் எழுத வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். அப்போது வேலாயுதத்தின் கதையைச் சொல்ல வேண்டியதாயிற்று. கேட்டுவிட்டு, இதை எழுதி வையுங்கள் சார் என்றார்கள். எழுதுகிறேன்.

நானும் வேலாயுதமும் சென்னையில் ஒன்றாகத் தந்தி படித்தோம். ஒரே அறை, ஒரே குமுட்டி அடுப்பு, இரண்டு பேருக்கும் ஓயாத ஊர் ஞாபகம். அந்த வருஷத்தைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு நான் திருநெல்வேலி ஆபீஸுக்கு வந்தேன். அவன் இரண்டு மூன்று ஊர் சுற்றிவிட்டுக் குலசேகரன்பட்டினத்துக்குப் போனான். குலசை என்றுதான் நாங்கள் சொல்வோம். அப்போது அது தோணியும் கப்பலும் வந்து போகிற ஊர். உப்பும் கருப்பட்டியும் ஏறும். சீசன் முடிந்தால் கடற்கரை வெறிச்சோடிவிடும். தபாலும் தந்தியும் ஒரே கட்டடம். இரண்டையும் பார்க்கச் சிக்னலர் ஒரே ஆள், பியூன் ஒரே ஆள்.

தந்தி வேலை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தந்திக் கருவியின் சாவியைத் தட்டுவது எல்லாருக்கும் ஒரே வேலைதான். குட்டைத் தட்டு, நெட்டைத் தட்டு, நடுவே இடைவெளி. ஆனால் ஒருவர் தட்டுவது போல இன்னொருவர் தட்டுவதில்லை. குரலைக் கேட்டு ஆளைச் சொல்வது போல, ஓசையைக் கேட்டே யார் தட்டுகிறார்கள் என்று சொல்லிவிடலாம். அதை நாங்கள் 'கை' என்போம். வேலாயுதத்தின் கை வேகமான கை. ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தையும் ஒரு துள்ளலோடு முடிப்பான். வேலை இல்லாத நேரத்தில் ஆங்கில எழுத்துக்களில் தமிழைப் போட்டு என்னோடு பேசுவான். "ஏலே, இன்னைக்கு ஒரு கப்பல் வந்துச்சு. கேப்டன் உன்னைய மாதிரியே தொந்தியும் தொப்பியுமா இருக்காரு" என்பான். நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பேன்.

சொந்தப் பேச்சு லைனில் கூடாது என்பது ஞானமுத்து மாஸ்டரின் சட்டம். அவர்தான் எங்கள் ஆபீஸுக்குத் தலைவர். பாளையங்கோட்டைக் கிறிஸ்தவர். சித்திரை வெயிலிலும் கறுப்புக் கோட்டைக் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார். மூன்று கருவிகள் ஒரே நேரத்தில் கடகடத்துக்கொண்டிருக்கும்போது, அவர் நாலாவதாக ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருப்பார். மூன்றில் எதில் பிழை வந்தாலும் தலை நிமிரும்.

தந்தி அனுப்புகிறவர் முதலில் சொற்களை எண்ணி அந்த எண்ணிக்கையை அனுப்ப வேண்டும். வாங்குகிறவர் எழுதி முடித்ததும் தானும் எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் அடுத்த தந்தி. ஒரு சொல் குறைந்துவிட்டால் மாஸ்டர் சத்தம் போட மாட்டார். காகிதத்தை நம் மேஜைமேல் வைத்து, பிழை இருக்கிற வரியில் ஒரு விரலை ஊன்றிக்கொண்டு, நாமே கண்டுபிடிக்கிற வரை பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். அதைவிடத் திட்டு வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

வேலாயுதத்தின் கை மாறியது ஆடி மாதம் கழிந்த பிறகு. எந்த நாளில் என்று சொல்ல முடியாது. துள்ளல் போயிற்று. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி நீண்டது. எண்ணிக்கை தவறியது. கவனமில்லை என்று பார்த்தால், அனுப்பிய தந்தியையே சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று மூன்று தடவை கேட்டான். குலசைக் கம்பி திருச்செந்தூர் வழியாகப் போவது. ஓர் ஆபீஸில் தட்டினால் மற்ற ஆபீஸ்களிலும் கேட்கும். ஒரு நாள் திருச்செந்தூர் போஸ்ட்மாஸ்டரோடு ஒன்றுமில்லாத விஷயத்துக்கு லைனிலேயே கடுமையாகச் சண்டை போட்டான். மனிதர் வயதானவர். மறு வார்த்தை பேசாமல் விட்டுவிட்டார்.

"உடம்புக்கு என்னலே?" என்று கேட்டேன்.

"வயிறு சரியில்ல. தூக்கம் வரல."

"கடல்காத்து ஒத்துக்கிடலபோல. டவுணுக்கு வா, அல்வா வாங்கித் தாரேன்" என்று கேலியாக விட்டுவிட்டேன்.

அதை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆண்பிள்ளை ஒருவன் வயிறு சரியில்லை என்று சொன்னால் வயிறுதான் என்று எடுத்துக்கொண்டேன். அவன் மூன்று மாதமாக ஒரு கேலி பேசவில்லை என்பது என் காதில் விழுந்தும் புத்தியில் விழவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் விஷயத்தை மாஸ்டரிடம் சொன்னேன். சொந்தப் பேச்சு பேசியதை ஒப்புக்கொண்டால்தான் இதைச் சொல்ல முடியும். ஒப்புக்கொண்டேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"அவன் கை மாறி எவ்வளவு நாளாச்சுங்கீர்?"

"மூணு மாசம் இருக்கும் மாஸ்டர்."

"எனக்கு ரெண்டு மாசமாத்தான் தெரியும். நீர் எனக்கு முன்னாலயே கேட்டிருக்கீர்." ரிஜிஸ்தரைத் தன் பக்கம் இழுத்தார். "கடல்காத்துல உப்பு படிஞ்சு குலசை லைன் பலவீனமா இருக்கு. இனிமே தெனமும் சாயங்காலம் அஞ்சு நிமிஷம் அந்த லைனை டெஸ்ட் பண்ணணும். நீரே பண்ணும். என்ன தட்டினீர்னு எனக்குச் சொல்ல வேண்டாம்."

அதை ரிஜிஸ்தரிலும் எழுதினார். அவர் கையெழுத்துப் போட்ட எழுத்தில், சொந்தப் பேச்சுக்கு எனக்கு அனுமதி கிடைத்த கதை இது.

அந்த ஐந்து நிமிஷத்தில் நான் பெரிதாக ஒன்றும் கேட்டுவிடவில்லை. சாப்பிட்டாயா, தூங்கினாயா, வெளியே நடந்தாயா. சில நாள் பதில் வரும். சில நாள் "லைன் சரி" என்று மட்டும் தட்டிவிட்டு மூடிவிடுவான். பெண்டாட்டியையும் பிள்ளைகளையும் ஸ்ரீவைகுண்டத்தில் மாமனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டான் என்பது அப்படித்தான் தெரிந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "நான் இருக்கிற இருப்பைப் பிள்ளைங்க பாக்க வேண்டாம்" என்றான்.

பதினைந்து இருபது நாள் இப்படிப் போயிற்று. ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்குக் குலசை என்னை அழைத்தது. கேட்டதும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. பழைய கை. தெளிவாக, வேகமாக, தடங்கல் இல்லாமல் வந்தது. பயல் தேறிவிட்டான் என்று நினைத்துப் பென்சிலை எடுத்தேன்.

"ரிஜிஸ்தர் எல்லாம் எழுதி முடிச்சிட்டேன். பீரோச் சாவியை இசக்கிகிட்ட குடுத்திருக்கேன். கோமுவுக்கு நீதான் சொல்லணும். உன்மேல எனக்கு ஒரு கோவமும் இல்லைலே. நீ நல்லவன்."

இசக்கி என்பது அங்கே இருந்த பியூன். கோமு என்பது வேலாயுதத்தின் மனைவி கோமதி. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோதுதான் அது விடைபெறுகிற பேச்சு மாதிரி இருந்தது. அதற்குள் மாஸ்டர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். அவரும் கேட்டிருக்கிறார்.

"எந்திரியும்" என்றார்.

உட்கார்ந்து சாவியைப் பிடித்தார். தமிழில் தட்டினார். லைனில் அவர் தமிழில் தட்டி நான் அதற்கு முன்பு கேட்டதில்லை.

"வேலாயுதம், நான் ஞானமுத்து. உயிரை விட்டுரலாம்னு நெனைக்கீரா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மாஸ்டர், அப்படிக் கேட்டா இல்லாத எண்ணத்தைக் கிளப்பி விட்டது மாதிரி ஆயிராதா?" என்று அவர் காதருகில் கேட்டேன்.

"கேக்காம எப்படிவே தெரியும்?" என்றார், கருவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கருவி அசையவில்லை. பக்கத்து மேஜையில் தூத்துக்குடி லைன் அழைத்துக்கொண்டே இருந்தது. யாரும் போய் எடுக்கவில்லை. ஒருவேளை குலசையில் அவன் நாற்காலியை விட்டு எழுந்து போயிருப்பானோ என்று நினைத்தேன். அப்புறம் இரண்டே எழுத்து வந்தது. ஆமாம் என்பதைச் சுருக்கி நாங்கள் தட்டுகிற இரண்டு எழுத்து.

"சொன்னது நல்லது" என்று மாஸ்டர் தட்டினார். "நீர் சொன்னதுல எனக்குக் கோவமும் இல்ல, கேவலமும் இல்ல. உமக்கு உடம்பு சரியில்ல. அவ்வளவுதான். இசக்கியை உள்ள கூப்பிடும். பக்கத்துல உக்காரச் சொல்லும்."

"அவன் எதுக்கு?"

"இது உத்தரவு."

கொஞ்சம் பொறுத்து, "வந்துட்டான்" என்று வந்தது.

மாஸ்டர் யோசித்தார். நாற்பது மைலுக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு அது நிஜமா பொய்யா என்று எப்படித் தெரிந்துகொள்வது? லைனில் கேட்கிற ஒரே காது வேலாயுதத்தின் காது. எழுதுகிற ஒரே கை அவன் கை.

"இசக்கியைச் சாவியைத் தட்டச் சொல்லும்" என்றார்.

மறுபடியும் கருவி அடங்கிக் கிடந்தது. பிறகு தடால் என்று ஓர் அடி. ஒரு நிமிஷம் போல இடைவெளி. அப்புறம் தட் தட் தட்டென்று, எழுத்தும் இல்லாமல் கணக்கும் இல்லாமல், கதவைத் தட்டுவது போல நாலைந்து அடி. தந்தி படிக்காத ஒரு மனிதனின் கை. எத்தனையோ ஆயிரம் தந்தி கேட்ட காது எனக்கு, அவ்வளவு நல்ல ஓசையை அதற்கு முன்பும் கேட்டதில்லை, பிறகும் கேட்டதில்லை. மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போட்டுக்கொண்டார்.

அப்போது நடுவில் வேறொரு கை குறுக்கிட்டது. திருச்செந்தூர் போஸ்ட்மாஸ்டர். வேலாயுதம் சண்டை போட்ட அதே மனிதர். "கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். வண்டி பூட்டச் சொல்லிட்டேன். இங்கன உதவி ஆளு இருக்காரு. மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் குலசையில இருப்பேன். எனக்கும் சேத்து உலை வைக்கச் சொல்லுங்க" என்றார்.

அவர் போய்ச் சேருகிற வரை மாஸ்டர் சாவியை விடவில்லை. அந்த மாதத்துத் தந்தி எண்களை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லச் சொல்லி வேலாயுதத்தை உட்கார வைத்தார். நடுநடுவே இசக்கியைத் தட்டச் சொல்லுவார். மற்ற லைன்களை நான் ஓடி ஓடிப் பார்த்துக்கொண்டேன். இரண்டு மணிக்குத் திருச்செந்தூர்க்காரரின் கை குலசையிலிருந்து வந்தது. "வந்து சேந்துட்டேன். சோறு தின்னுக்கிட்டு இருக்கோம்."

மாற்று ஆளாகப் போகச் சொல்லி மாஸ்டர் எனக்கு உத்தரவு எழுதிக் கொடுத்தார். மாட்டுவண்டி பிடித்து, ஆற்றை ஒட்டின சாலையில் புறப்பட்டு, இருட்டி வெகுநேரம் கழித்து ஸ்ரீவைகுண்டம் போய்ச் சேர்ந்தேன். கோமதி என்னைப் பார்த்ததுமே முகம் வெளுத்துப் போனாள்.

"இருக்கான்மா. நல்லா இருக்கான். ஆளு கூட இருக்காவ" என்று முதலில் அதைத்தான் சொன்னேன்.

உட்கார்ந்து அழுதாள். பிறகு சொன்னாள். "குடிக்காவளோன்னு பாத்தேன் அண்ணாச்சி. இல்ல. வேற சகவாசமோன்னும் பாத்தேன். அதுவும் இல்ல. குளிக்க மாட்டாவ. வச்ச சோறு அப்படியே இருக்கும். பிள்ளை சிரிச்சாக்கூடச் சத்தம் போடுவாவ. போட்டுட்டு அங்கன போய்ச் சுவரைப் பாத்து உக்காந்துக்கிடுவாவ. என்னையப் பிடிக்கலன்னு நெனச்சேன். போன்னு சொன்னதும் ரோசத்துல வந்துட்டேன்."

மறுநாள் விடிந்ததும் பிள்ளைகளை அவள் அம்மாவிடம் விட்டுவிட்டு என்னோடு வண்டி ஏறினாள்.

குலசை போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி இருக்கும். திருச்செந்தூர் போஸ்ட்மாஸ்டர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இசக்கி வாசற்படியில் இருந்தான். வேலாயுதம் உள்ளே கட்டிலில். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, சட்டை அவன்மேல் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று மாதமாகக் கையை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ஆளே புதிதாகத் தெரிந்தான். கோமதி அவன் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் இழுத்துக்கொள்ளவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை.

சாயங்காலம் அவனைக் கடற்கரைப் பக்கம் நடத்திக் கூட்டிப்போனேன். வெகுதூரம் போன பிறகு அவனாகவே பேசினான்.

"எல்லாரும் என்ன குறைன்னு கேக்காவ. ஒரு குறையும் இல்லலே. பொண்டாட்டி தங்கம். பிள்ளைங்க சொகம். சர்க்கார் உத்தியோகம். காரணம் இருந்தா சொல்லிர மாட்டேனா? காரணம் இல்லைங்கிறதுதான் வெக்கமா இருக்கு. காலைல எந்திரிச்சா உடம்பு முழுக்க ஈர மணலை அடைச்ச மாதிரி இருக்கு. ஆம்பளை இதைப் போய் யார்கிட்டச் சொல்லுவான்?"

"என்கிட்டச் சொன்னியே" என்றேன்.

"சொன்னேன். வயிறுன்னு."

"தப்பு என் பேர்லதான். இனிமே வயிறுன்னாலும் கேப்பேன்" என்றேன். அவன் தலையை ஆட்டினான். அவ்வளவுதான் அன்றைக்கு.

வேறு ஆள் வந்து சேரும் வரை ஒன்பது பத்து நாள் அங்கே இருந்தோம். பிறகு அவனைப் பாளையங்கோட்டைக்குக் கூட்டி வந்தோம். மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் அவனை அரை மணி நேரம் பேச விட்டுக் கேட்டார். வயிற்றில் ஒன்றுமில்லை, மனசுக்கு வந்த நோவு, நோவு என்றால் நோவுதான், சோம்பலோ கோழைத்தனமோ இல்லை என்று கோமதியை வைத்துக்கொண்டே சொன்னார். தனியாக விடாதீர்கள், சும்மாவும் உட்கார வைக்காதீர்கள், முடிந்த அளவு வேலை கொடுங்கள் என்றார்.

மாஸ்டர் மேலே எழுதி அவனை எங்கள் ஆபீஸுக்கே மாற்றி வாங்கினார். கடிதத்தில் 'உடல்நலக் குறைவு' என்று எழுதினார், வேறொன்றும் எழுதவில்லை. முதல் மாதம் அவனுக்குச் சாவி கிடையாது. வந்த தந்திகளில் சொற்களை எண்ணிப் பார்க்கிற வேலை மட்டும். அப்புறம் தினம் ஒரு மணி நேரம் அம்பாசமுத்திரம் லைன். அப்புறம் அரை நாள். அவன் பிழை செய்தால் மட்டும் மாஸ்டர் விரலை ஊன்றி நிற்பதில்லை. தானே திருத்திவிட்டுப் போய்விடுவார். மற்ற ஆட்களுக்கு அதில் கொஞ்சம் பொருமல் உண்டு. எனக்கும்தான்.

அவன் தேற எட்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஒரே சீராகத் தேறவும் இல்லை. ஒரு வாரம் பேசுவான், ஒரு வாரம் பேச மாட்டான்.

ஒரு நாள் மாஸ்டரிடம் கேட்டேன். "அன்னைக்கு அப்படிக் கேக்கணும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"வாலிபத்துல நானும் ரெண்டு வருஷம் ஒத்தை ஆளா ஒரு ஸ்டேஷன்ல இருந்தேன். என்னைய யாராவது கேக்க மாட்டாங்களான்னு இருந்தேன். ஒருத்தரும் கேக்கல" என்றார். கடிதத்தை எழுதத் தொடங்கிவிட்டார். அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

வேலாயுதத்துக்கு என்மேல் கோபம் இருந்தது. லைனில் இருந்த அத்தனை ஆபீஸும் அன்றைக்கு அவனைக் கேட்டுவிட்டது. அந்த வெட்கத்தை அவனால் விழுங்க முடியவில்லை. பக்கத்து மேஜையில் இருந்துகொண்டு வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசுவான். நான் தினமும் டிபன் தூக்கை அவன் மேஜையில் வைத்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து வருவேன். அவன் பேசாவிட்டாலும் நான் பேசிக்கொண்டிருப்பேன். பெரும்பாலும் என் மாமனாரைப் பற்றி.

மறு வருஷம் ஐப்பசி தொடங்கியபோது அவனாகவே என் மேஜைக்கு வந்தான். "இந்த மாசம் என்னையக் கொஞ்சம் பாத்துக்கிடுலே. தூக்கம் கெட ஆரம்பிச்சிருக்கு" என்றான். மாஸ்டரிடமும் போய் அதையே சொன்னான். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் தீர்ந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ ஐப்பசி வந்து போயிற்று. சில வருஷம் கஷ்டப்பட்டான். ஒரு தடவைகூட மறைக்கவில்லை. என்னைப் போலவே முழு சர்வீஸ் முடித்து ஓய்வு பெற்றான். இதை எழுதுவதற்குச் சம்மதம் கேட்டபோது, "பேரை மாத்தாண்டாம்லே" என்று சொன்னான்.

மாஸ்டர் ஓய்வு பெற்ற நாளன்று விருந்து முடிந்து நானும் அவனும் ஆற்றுப் பாலத்தில் நடந்து வந்தோம். ஆற்றில் தண்ணீர் நிறையப் போயிற்று. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றவன், "அன்னைக்கு என்னைய உக்கார வச்சது மாஸ்டர் இல்ல, தெரியுமா?" என்றான்.

"பின்ன யாரு?"

"இசக்கி. மாஸ்டர் தட்டினதெல்லாம் என் காதுல பாதிதான் விழுந்துச்சு. இவன் பக்கத்துல உக்காந்தான் பாரு, எதுக்குக் கூப்பிட்டேன்னுகூடக் கேக்கல. அவன் வீட்டு மாடு செனையா இருக்குன்னு பேச ஆரம்பிச்சான். மடி எறங்கிருச்சு, புல்லு தின்ன மாட்டேங்குது, ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு நிக்குதுன்னு நிறுத்தாமச் சொல்லுதான். எனக்கு எரிச்சல். வாயை மூடுறான்னுதான் சொல்ல வாயைத் தொறந்தேன். 'எப்பப் போடும்'னு கேட்டுட்டேன். எத்தனை மாசத்துக்கப்புறம் நான் ஒண்ணைத் தெரிஞ்சுக்கிடணும்னு கேட்டேன்னு நெனைக்கே? 'நாளைக்குப் போட்டுரும் ஐயா'ன்னான். சரி, நாளைக்கு வரைக்கும் இருந்து பாத்துருவோம்னு தோணுச்சு."

"மறுநாள் போட்டுச்சா?"

"எங்க. தெனமும் நாளைக்கு நாளைக்குன்னான்" என்று சிரித்தான். "நாம வண்டி ஏறுன அன்னைக்குக் காலைலதான் போட்டுது. காளங்கன்னு. கோமு போய்ப் பாத்துட்டு வந்தா. நானும் போனேன்."